கேபிள் மோடம், வீட்டு வலையமைப்பு: கலைச்சொற்களின் வரலாறு

கேபிள் மோடம் என்பது, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்காக வீடுகளுக்கு இழுக்கப்பட்ட கேபிளின் வழியே இணையத்தைக் கொண்டுவரும் கருவி ஆகும். அதிலிருந்து கிடைக்கும் ஒரே இணைப்பைக் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு வீட்டு வலையமைப்பு எனப்படுகிறது. 1990களின் இறுதியில் அமெரிக்க வீடுகளில் இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தபோது மோடம், ரவுட்டர், ஈதர்நெட், ஐபி முகவரி, மேக் முகவரி, கேட்வே, பிராட்பேண்ட் எனப் பல சொற்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பொதுமக்களை வந்தடைந்தன.

இச்சொற்கள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. மோடம் தொலைபேசித் துறையின் சொல். டவுன்ஸ்ட்ரீம், ஹெட்எண்ட் ஆகியவை கேபிள் தொலைக்காட்சித் துறையின் சொற்கள். ஈதர்நெட் அலுவலகக் கணினிகளுக்காக உருவானது. ரவுட்டரும் ஐபி முகவரியும் பல்கலைக்கழக ஆய்வு வலையமைப்புகளிலிருந்து வந்தவை. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால், அது குறிக்கும் கருவியின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது விளங்கும். இணைப்பு நின்றுபோகும்போது பழுது நிறுவனத்தின் எல்லைக்குள் இருக்கிறதா, வீட்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று கண்டறிவதற்கும் இந்த அறிவே துணைபுரிகிறது.

பொது ஆன்டெனாவில் தொடக்கம்

கேபிள் தொலைக்காட்சி 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மலைப்பாங்கான சிற்றூர்களில் தோன்றியது. தொலைக்காட்சி அலைகள் நேர்கோட்டில் செல்வதால், மலைகள் சூழ்ந்த ஊர்களில் படம் தெளிவாகத் தெரியவில்லை. ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா நகரில் எட் பார்சன்ஸ் என்பவர் ஒரு விடுதியின் கூரையில் ஆன்டெனா அமைத்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியாட்டில் நகரின் ஒளிபரப்பை 1948-இல் பெற்று, கம்பி வழியே அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார். பென்சில்வேனியாவின் மஹனாய் நகரில் மின்சாதனக் கடை நடத்திய ஜான் வால்சனும் அதே ஆண்டில் இதைச் செய்ததாகக் கூறப்படுகிறது. 1950-இல் அதே மாநிலத்தின் லான்ஸ்ஃபோர்டு ஊரில் ராபர்ட் டார்ல்டன் தொடங்கிய அமைப்பு, கட்டணம் பெற்று நடத்தப்படும் கேபிள் சேவைக்கு முன்மாதிரியாக அமைந்தது.

1948 முதல் 1952 வரை புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் நிறுத்தி வைத்திருந்தது. இதனால் சொந்த நிலையம் இல்லாத ஊர்களில் பொது ஆன்டெனாவின் தேவை மேலும் கூடியது. கேபிள் தொலைக்காட்சியைக் குறிக்கும் ‘சிஏடிவி’ என்ற பழைய சுருக்கத்தின் விரிவும் ‘சமுதாய ஆன்டெனா தொலைக்காட்சி’ என்பதே ஆகும்.

அந்த அமைப்பின் வடிவம் ஒரு மரத்தை ஒத்தது. மலையுச்சியில் உள்ள ஆன்டெனாவும் அதன் கருவிகளும் அமைந்த இடம் ‘ஹெட்எண்ட்’, அதாவது தலைமுனை எனப்பட்டது. அங்கிருந்து புறப்படும் தடித்த கேபிள் அடிமரமாகவும், தெருக்களுக்குப் பிரிபவை கிளைகளாகவும் கருதப்பட்டன. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் மெல்லிய கேபிள் ‘டிராப்’ எனப்பட்டது. தொலைவு கூடக் கூடக் குறிகை வலுவிழப்பதால் வழியெங்கும் பெருக்கிகள் பொருத்தப்பட்டன. ஆற்று நீர் மலையிலிருந்து இறங்குவதுபோல் நிகழ்ச்சிகள் தலைமுனையிலிருந்து வீடுகளை நோக்கி ஓடின. ‘டவுன்ஸ்ட்ரீம்’, அதாவது கீழ்நோக்கிய ஓட்டம் என்ற சொல் இந்த அமைப்புக்கு மிகப் பொருத்தமானது. வீட்டிலிருந்து மேலே அனுப்புவதற்கு அன்று எதுவும் இல்லை.

இதற்குப் பயன்பட்டது ‘கோ-ஆக்சியல்’ கேபிள். நடுவில் ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள், அதைச் சுற்றி உலோக வலை உறை ஆகியவை ஒரே அச்சில் அமைவதால் இதைத் தமிழில் ஓரச்சு வடம் எனலாம். ஆலிவர் ஹெவிசைடு 1880-இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியுறை வெளி இரைச்சலைத் தடுப்பதால், ஒரே கேபிளில் பல அலைவரிசைகளை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்ப முடிகிறது. அமெரிக்க முறையில் ஒவ்வொரு தொலைக்காட்சி அலைவரிசைக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்கப்பட்டது. இந்த 6 மெகாஹெர்ட்ஸ் பிற்காலத்தில் கேபிள் மோடத்துக்கும் அடிப்படை அளவாயிற்று.

மோடம் என்ற சொல்

‘மாடுலேட்டர்’, ‘டீமாடுலேட்டர்’ ஆகிய இரு சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டதே மோடம். ஓர் அலையின் மீது தகவலை ஏற்றுவது பண்பேற்றம் என்றும், அதிலிருந்து தகவலைப் பிரித்தெடுப்பது பண்பிறக்கம் என்றும் பள்ளி இயற்பியல் பாடநூல்களில் கூறப்படுகின்றன. இவ்விரு வேலைகளையும் செய்யும் கருவி மோடம் ஆகும்.

1950களில் அமெரிக்க வான் பாதுகாப்புக்காக அமைக்கப்பட்ட ‘சேஜ்’ கணினி அமைப்பில், தொலைவிலுள்ள ராடார் நிலையங்களின் தகவல்களைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்ப மோடங்கள் பயன்பட்டன. 1962-இல் வந்த ‘பெல் 103’ மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. அன்று அமெரிக்கத் தொலைபேசிக் கம்பியில் தொலைபேசி நிறுவனத்தின் கருவியைத் தவிர வேறு எதையும் இணைக்க அனுமதி இல்லை. 1968-இல் ‘கார்ட்டர்ஃபோன்’ வழக்கில் வெளியான ஆணை இத்தடையை நீக்கியது. கம்பி நிறுவனத்தின் சொத்தாக இருந்தாலும், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியை வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்ற கொள்கை அன்று உருவானது. 1981-இல் வந்த ‘ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம்’ உள்ளிட்ட வீட்டு மோடங்கள் சந்தைக்கு வருவதற்கு இந்த ஆணை வழியமைத்தது.

தொலைபேசி மோடத்தின் வேகம் 1990களின் இறுதியில் நொடிக்கு 56 கிலோபிட் என்ற அளவை எட்டியது. மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்ட குறுகிய பாதையில் அதற்கு மேல் செல்ல இடமில்லை. அதே வீட்டின் சுவரில் அதைவிடப் பல மடங்கு அகலமான பாதை தொலைக்காட்சிக்காக ஏற்கெனவே வந்து நின்றது.

ஒருவழிப் பாதை இருவழியானது

கேபிளை இருவழிப் பாதையாக்கும் எண்ணம் இணையத்துக்கு முந்தியது. 1977 டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கப்பட்ட ‘கியூப்’ சேவையில், பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தி நிகழ்ச்சிக்குப் பதிலளிக்க முடிந்தது. அச்சேவை நிலைக்கவில்லை. இருந்தபோதும் வீட்டிலிருந்து தலைமுனைக்குச் செய்தி அனுப்ப முடியும் என்பது நிறுவப்பட்டது.

மேல்நோக்கிய ஓட்டத்துக்கு, அதாவது ‘அப்ஸ்ட்ரீம்’ பாதைக்கு எந்த அலைவெண்ணை ஒதுக்குவது என்பது சிக்கலாக இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் அலைவரிசை 54 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. எனவே அதற்குக் கீழே எஞ்சியிருந்த 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதியே மேல்நோக்கிய பாதைக்குக் கிடைத்தது. அதுவும் தூய்மையான பகுதி அன்று. சிற்றலை வானொலி, 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தனிநபர் வானொலி, வீட்டு மின்மோட்டார்கள் ஆகியவற்றின் இரைச்சல் அப்பகுதியிலேயே விழுந்தது. தளர்ந்த இணைப்பிகளின் வழியே கேபிளுக்குள் நுழையும் இத்தகைய இரைச்சல் ‘இன்கிரெஸ்’ எனப்படுகிறது. கீழ்நோக்கிய பாதையில் ஒரு வீட்டின் பழுது பெரும்பாலும் அந்த வீட்டையே பாதிக்கும். மேல்நோக்கிய பாதையிலோ எல்லா வீடுகளின் இரைச்சலும் புனலில் ஊற்றியது போல் ஒன்றுசேர்ந்து தலைமுனையை அடையும். ஒரு வீட்டின் தளர்ந்த இணைப்பி தெரு முழுவதையும் பாதிக்கக்கூடும்.

இதனால் தொடக்கக் காலத்தில் சில ஊர்களில், இணையத் தரவு கேபிள் வழியே வீட்டுக்கு வந்தது. வீட்டிலிருந்து செல்லும் தரவோ தொலைபேசி மோடம் வழியே சென்றது. 1990களில் அடிமரக் கேபிளுக்குப் பதிலாகக் கண்ணாடி இழை இடப்பட்டபோது நிலைமை மாறியது. இழை முடியும் இடம் ‘நோட்’, அதாவது கணு எனப்பட்டது. அங்கிருந்து சில நூறு வீடுகளுக்கு மட்டும் ஓரச்சு வடம் சென்றது. இந்தக் கலப்பு அமைப்பில் பெருக்கிகள் குறைந்தன. இரைச்சல் சேரும் வீடுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஒரு கணுவின் கீழ் உள்ள வீடுகள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. மாலை நேரத்தில் அக்கம்பக்கத்தார் அனைவரும் இணையத்தைப் பயன்படுத்தும்போது வேகம் குறைவதற்கு இப்பகிர்வும் ஒரு காரணம்.

டாக்சிஸ் தரநிலை

ரூஸ்பே யாசினி 1990-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ‘லான்சிட்டி’ நிறுவனம் கேபிள் மோடத்தின் முன்னோடிகளில் ஒன்று. 1996-இல் அதை ‘பே நெட்வொர்க்ஸ்’ நிறுவனம் வாங்கியது. அக்காலத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனி முறையைக் கையாண்டதால், ஓர் ஊரின் மோடம் மற்றோர் ஊரில் வேலை செய்யவில்லை.

பொதுத் தரநிலை ஒன்றை உருவாக்க, மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ‘ஐ-டிரிபிள்-ஈ’ 1994-இல் 802.14 என்ற குழுவை அமைத்தது. அதன் பணி நீண்டுகொண்டே போனது. காத்திருக்க விரும்பாத காம்காஸ்ட், காக்ஸ், டிசிஐ, டைம் வார்னர் ஆகிய கேபிள் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து தாமே ஒரு தரநிலையை எழுதச் செய்தன. 1997 மார்ச்சில் வெளிவந்த அதுவே டாக்சிஸ் 1.0 ஆகும். ‘கேபிள் வழித் தரவுச் சேவைக்கான இடைமுக விவரக்குறிப்பு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. கேபிள் நிறுவனங்களின் கூட்டு ஆய்வகமான கேபிள்லேப்ஸ் மோடங்களைச் சோதித்துச் சான்றளித்தது. 1999-இல் முதல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அதன் பின் மோடத்தைக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வழி ஏற்பட்டது. கார்ட்டர்ஃபோன் ஆணை தொலைபேசிக்குச் செய்ததைக் கேபிளில் இத்தரநிலை ஓரளவு செய்தது எனலாம்.

டாக்சிஸ் 1.0-இல் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையின் 6 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 40 மெகாபிட் கீழே வந்தது. மேலே சென்றது அதிக அளவாக 10 மெகாபிட் மட்டுமே. 2006-இல் வந்த டாக்சிஸ் 3.0, பல அலைவரிசைகளை ஒன்றாகக் கட்டிப் பயன்படுத்தியது. 2013-இல் வந்த 3.1 பதிப்பு, கீழ்நோக்கி நொடிக்கு 10 கிகாபிட் வரை இலக்கு வைத்தது. அடுத்து வந்த 4.0 பதிப்பின் மேல்நோக்கிய இலக்கு 6 கிகாபிட் ஆகும். மேலும் கீழும் ஒப்பாக இல்லாத இந்நிலை, பார்ப்பதற்காக மட்டும் அமைக்கப்பட்ட மரத்தின் மிச்சம். 2020-இல் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகளும் அலுவலகக் கூட்டங்களும் வீட்டுக்குள் வந்தபோது, நிகழ்ச்சியைப் பார்க்கப் போதுமானதாக இருந்த இணைப்பு முகத்தையும் குரலையும் அனுப்பத் திணறியதை உலகம் உணர்ந்தது.

மோடத்தை இயக்கியதும் அதன் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதற்கும் பொருள் உண்டு. முதலில் மோடம் கீழ்நோக்கிய அலைவரிசையைத் தேடிக் கேட்கிறது. பிறகு மேல்நோக்கிப் பேச முயன்று, தலைமுனையிலிருந்து தனது தொலைவுக்கு ஏற்ப நேரத்தையும் வலிமையையும் சரிசெய்துகொள்கிறது. எந்த மோடம் எப்போது பேசலாம் என்று தலைமுனையில் உள்ள ‘சிஎம்டிஎஸ்’ என்ற கருவி முறை வகுத்துக் கொடுக்கிறது. இறுதியில் நிறுவனம் அனுப்பும் ஓர் அமைப்புக் கோப்பை மோடம் பெறுகிறது. வாடிக்கையாளரின் கட்டணத் திட்டத்துக்குரிய வேக வரம்பு அக்கோப்பில் எழுதப்பட்டுள்ளது. ஆகவே, விலை உயர்ந்த மோடம் வாங்குவதால் மட்டும் அந்த வரம்பு உயர்வதில்லை.

அலுவலகத்திலிருந்து வந்த ஈதர்நெட்

மோடத்திலிருந்து கணினிக்குச் செல்லும் கம்பி வேறொரு மரபைச் சேர்ந்தது. 1973 மே 22 அன்று, கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் எழுதிய ஒரு குறிப்பில் ஈதர்நெட் என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. டேவிட் பாக்ஸ் அவருடன் இணைந்து அதை உருவாக்கினார். ஒளி பரவுவதற்கு ‘ஈதர்’ என்ற ஊடகம் வெளியெங்கும் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் கருதினர். 1887-இல் மைக்கேல்சன், மோர்லி ஆகியோர் செய்த சோதனை அதன் இருப்புக்குச் சான்று காணவில்லை. அறிவியல் கைவிட்ட அப்பெயரை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஊடகத்துக்கு மெட்கால்ஃப் சூட்டினார். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலி மூலம் இணைத்த ‘அலோஹாநெட்’ அமைப்பு அவருக்கு ஊக்கமளித்தது.

முதல் ஈதர்நெட்டும் ஓரச்சு வடத்திலேயே ஓடியது. அதன் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1990-இல் முறுக்கிய இணைக்கம்பிகளுக்கான தரநிலை வந்ததும் அலுவலகங்கள் ஓரச்சு வடத்தைக் கைவிடத் தொடங்கின. இன்று மோடத்தின் பின்புறம் திருகும் வகை இணைப்பியும், அதனருகே எட்டு முனை கொண்ட சதுரச் செருகியும் இருப்பதன் காரணம் இதுவே. முன்னது தொலைக்காட்சி மரபையும் பின்னது அலுவலக மரபையும் சேர்ந்தவை. அவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளராக மோடம் விளங்குகிறது.

‘பிராட்பேண்ட்’ என்ற சொல்லும் அக்காலத்தில் வேகத்தைக் குறிக்கவில்லை. ஒரே கேபிளில் பல அலைவரிசைகளைத் தனித்தனி அலைவெண்களில் அனுப்பும் முறை பிராட்பேண்ட் எனவும், கேபிள் முழுவதையும் ஒரே குறிகைக்குப் பயன்படுத்தும் முறை பேஸ்பேண்ட் எனவும் பொறியாளர்களால் அழைக்கப்பட்டன. பிற்காலத்தில் அரசுகளும் விளம்பரங்களும் அதை வேகமான இணையம் என்ற பொருளில் வழங்கின. இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தைப் பிராட்பேண்டின் குறைந்த அளவாக வரையறுத்தது. 2023-இல் அந்த அளவு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது.

முகவரிகளும் ஒரு கணினி விதியும்

வீட்டு வலையமைப்பில் ஒரு கருவிக்கு இரு வகை முகவரிகள் உள்ளன. மேக் முகவரி ஈதர்நெட் மரபில் வந்தது. இது 48 பிட் நீளமுள்ளது. தயாரிக்கும்போதே கருவியில் பதிக்கப்படுகிறது. இதன் முற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கிறது. இதை ஒருவரின் பிறப்புப் பதிவுக்கு ஒப்பிடலாம். ஐபி முகவரியோ குடியிருக்கும் வீட்டின் முகவரியைப் போன்றது. இடம் மாறினால் மாறும்.

1981-இல் வரையறுக்கப்பட்ட ஐபி நான்காம் பதிப்பில் முகவரியின் நீளம் 32 பிட். எனவே மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே சாத்தியம். 1990களின் தொடக்கத்திலேயே இது போதாது என்பது தெரிந்துவிட்டது. நிலையான தீர்வாக 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டது. இடைக்காலத் தீர்வாக, 1994-இல் எகேவாங், பிரான்சிஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆவணத்தில் ‘நேட்’, அதாவது வலை முகவரி மாற்றம் என்ற முறை விளக்கப்பட்டது. 1996-இல் வெளியான மற்றோர் ஆவணம், 192.168 என்று தொடங்குபவை உள்ளிட்ட சில முகவரிகளைத் தனியார் வலையமைப்புகளின் உள்வழக்குக்கென ஒதுக்கியது. பல வீடுகளில் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்பது போல் இருப்பது இதனால்தான். ஒரு பெரிய குடியிருப்பின் வாயில் எண் ஒன்றாக இருக்க, உள்ளே உள்ள வீடுகளுக்கு வாயிற்காவலர் கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பதை இது ஒத்தது. இந்த உள்முகவரிகளைத் தானாக வழங்கும் ‘டிஎச்சிபி’ முறை 1993-இல் வரையறுக்கப்பட்டது.

இந்த இடைக்காலத் தீர்வு வீடுகளில் வேறொரு சிக்கலையும் தீர்த்தது. தொடக்கக் காலக் கேபிள் சேவைகள் சில, ஓர் இணைப்புக்கு ஒரு கணினி என்ற விதியை வைத்திருந்தன. பதிவு செய்யப்பட்ட மேக் முகவரி கொண்ட கணினிக்கு மட்டுமே இணைப்புக் கிடைக்கும். இரண்டாவது கணினிக்குத் தனிக் கட்டணம் உண்டு. வீட்டு ரவுட்டர்கள் சந்தைக்கு வந்ததும் இந்நிலை மாறியது. விக்டர் சாவ், ஜேனி சாவ் தம்பதியர் 1988-இல் தொடங்கிய ‘லிங்சிஸ்’ நிறுவனம் இத்தகைய ரவுட்டர்களைக் கடைகளில் பரவலாக விற்றது. பதிவு செய்யப்பட்ட கணினியின் மேக் முகவரியை ரவுட்டரே ஏற்றுக்கொள்ளும் வசதியும் அவற்றில் இருந்தது. நிறுவனத்தின் பார்வையில் ஒரு கருவி மட்டுமே தெரியும். உள்ளே குடும்பமே பயன்படுத்தலாம். இன்றும் ரவுட்டரின் அமைப்புப் பக்கங்களில் ‘மேக் குளோன்’ என்ற சொல் காணப்படுவது அந்த விதியின் நினைவாகும்.

ரவுட்டரும் கேட்வேயும்

ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தரவுப் பொதிகளுக்கு வழிகாட்டும் கருவி ரவுட்டர். தமிழில் இது திசைவி எனப்படுகிறது. இணையத்தின் தொடக்க கால ஆவணங்களில் இக்கருவி ‘கேட்வே’, அதாவது நுழைவாயில் என்றே குறிக்கப்பட்டது. பின்னர் ரவுட்டர் என்ற சொல் நிலைபெற்ற போதும், கணினி அமைப்புகளில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. அங்கே கேட்கப்படுவது ரவுட்டரின் முகவரியே ஆகும்.

மோடமும் ரவுட்டரும் ஒன்றல்ல. மோடம் ஒரு மொழியை மற்றொன்றாக மாற்றுகிறது. ரவுட்டர் வழியைத் தீர்மானிக்கிறது. 2000களில் மோடம், ரவுட்டர், பல செருகிகள் கொண்ட ஸ்விட்ச், வைஃபை ஆகிய நான்கையும் ஒரே பெட்டியில் அடக்கிய கருவிகள் பரவின. இடமும் விலையும் மிச்சமானாலும், நான்கு வேலைகளுக்கும் ‘மோடம்’ என்ற ஒரே பெயர் நிலைத்ததால் குழப்பம் வளர்ந்தது. நிறுவனம் தந்த பெட்டியுடன் சொந்த ரவுட்டரையும் இணைக்கும்போது முகவரி மாற்றம் இருமுறை நிகழ்ந்து சில சேவைகள் தடைப்படுவது உண்டு. அப்போது பெட்டியின் ரவுட்டர் பகுதியை நிறுத்தி, மோடமாக மட்டும் இயங்கச் செய்யும் நிலைக்கு ‘பிரிட்ஜ் மோட்’ என்று பெயர்.

வைஃபை என்ற பெயர்

1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவெண்களை உரிமமின்றித் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்த அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அவற்றுள் ஒன்று. 1997-இல் 802.11 என்ற கம்பியில்லாத் தரநிலை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்துடன் வந்தது; 1999-இல் அது 11 மெகாபிட்டாக உயர்ந்தது. எண்களால் ஆன இப்பெயர் மக்களிடம் எடுபடாது என்று கருதிய தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு, ‘இன்டர்பிராண்ட்’ என்ற பெயரிடும் நிறுவனத்தை அணுகிப் பெற்ற பெயரே வைஃபை. இதற்கு விரிவாக்கம் எதுவும் இல்லை. ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’ என்ற விளக்கம் பின்னர் ஒட்டப்பட்டது. தமிழில் ‘அருகலை’ என்ற சொல் வழங்குகிறது. அருகில் மட்டும் பரவும் அலை என்ற பொருளில், மூலப் பெயரைக் காட்டிலும் இது கருவியின் இயல்பை நன்கு விளக்குகிறது.

வைஃபை என்பது இணையம் அன்று. வீட்டுக்குள் கம்பிக்குப் பதிலாக வரும் அலை மட்டுமே. கைப்பேசியில் வைஃபை குறி முழுமையாகத் தெரிந்தும் இணையம் வராமல் இருக்கலாம். ரவுட்டர் வரை பாதை சரியாக உள்ளது என்பதை மட்டுமே அக்குறி காட்டுகிறது.

பிட்டும் பைட்டும்

வேகம் பிட்டிலும், கோப்பின் அளவு பைட்டிலும் கூறப்படுவதும் இரு மரபுகளின் விளைவாகும். பிட் என்ற சொல் 1948-இல் கிளாட் ஷானனின் புகழ்பெற்ற கட்டுரையில் இடம்பெற்றது. அச்சொல்லை உருவாக்கியவர் ஜான் டியூக்கி என்று ஷானன் அதில் குறிப்பிட்டுள்ளார். தகவல் தொடர்புத் துறை அந்த அளவையே கைக்கொண்டது. பைட் என்ற சொல்லை 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ் கணினி நினைவகத்துக்காக உருவாக்கினார். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. 800 மெகாபைட் கோப்பு இறங்கக் குறைந்தது 64 நொடிகள் ஆகும். விளம்பரத்தில் கண்ட எண்ணும் திரையில் கண்ட எண்ணும் வேறுபடும்போது இக்கணக்கை முதலில் செய்து பார்ப்பது நலம்.

தமிழ்நாட்டில் இச்சொற்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொலைபேசி மோடத்தின் வழியே தொடங்கியது. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குப் பின் தெருத்தெருவாகப் பரவிய கேபிள் தொலைக்காட்சி, பெரும்பாலும் சிறு உள்ளூர் நடத்துநர்களின் கையில் இருந்தது. மாடிக்கு மாடி தாவிச் சென்ற அக்கேபிள்கள் ஒருவழிப் பாதைகளே. அவற்றை இருவழியாக்குவதைவிட ஈதர்நெட் கம்பியைப் புதிதாக இழுப்பது பல இடங்களில் எளிதாக இருந்தது. ஆகவே அமெரிக்காவில் நிகழ்ந்ததுபோல் டாக்சிஸ் மோடம் இங்குப் பெருவழக்காகவில்லை. தொலைபேசிக் கம்பி வழி வந்த டிஎஸ்எல் மோடமும், பிறகு கண்ணாடி இழையும் வீடுகளை அடைந்தன.

இன்று தமிழ்நாட்டு வீடுகளில் மோடம் என்று அழைக்கப்படும் பெட்டி பெரும்பாலும் ‘ஓஎன்டி’ எனப்படும் ஒளியிழை முனையக் கருவி ஆகும். அதில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள். இழை வளைந்தோ அறுந்தோ இருக்கலாம்; அதைச் சரிசெய்வது பெரும்பாலும் நிறுவனத்தின் பணி. அவ்விளக்கு அணைந்து, இணைய விளக்கு மட்டும் எரியாவிட்டால், கணக்கு, கட்டணம், முகவரி ஒதுக்கீடு ஆகியவற்றில் சிக்கல் இருக்கலாம். எல்லா விளக்குகளும் சரியாக இருந்து ஓர் அறையில் மட்டும் இணையம் வராவிட்டால், சுவர்களும் அருகலையும் கவனிக்கப்பட வேண்டியவை. ‘நெட் வரவில்லை’ என்ற ஒரே புகார் இவ்வாறு மூன்று வெவ்வேறு புகார்களாகப் பிரிகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் நிறுவனத்தின் எல்லைக்குள் அடங்கும். மூன்றாவது வீட்டின் எல்லைக்குள் அடங்கும்.

பெட்டியின் வடிவமும் உள்ளே ஓடும் கம்பியும் மாறினாலும் சொற்கள் மாறாமல் நிற்கின்றன. ஒளியிழைக் கருவியை மோடம் என்பதும், ரவுட்டரைக் கேட்வே என்பதும், ஈதர் இல்லாத உலகில் ஈதர்நெட் என்பதும் அதற்குச் சான்றுகள். அச்சொற்களின் பிறப்பை அறிந்த மாணவர், வீட்டுச் சுவரில் உள்ள பெட்டியின் ஒவ்வொரு விளக்கும் சொல்வதை ஓரளவு தாமே படித்தறிய முடியும்.